ஒன்றாம் நம்பர் தலைவருக்கு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் சாமான்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஃபிரிட்ஜ் கதவை அரை நிமிஷத்துக்கு மேல் திறந்து வைத்தால், "உள்ள என்ன சினிமாவா ஓடுது? மூடு!" என்று அதட்டும். காலிங் பெல்லை அமுக்கினால் நாய் குரைக்கும். வீட்டில் நாய் இல்லை. தபால் பெட்டியில் கடிதம் விழுந்தால் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். எல்லாம் அவன் கைவேலைதான். தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதைவிடச் சின்னதாக ஒரு பிளேயர், நகத்தளவு மெமரி கார்டு, பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஸ்பீக்கர். பட்டனை அமுக்கினால் போர்டு பிளேயரிடம் "மூணாம் நம்பரைப் போடு" என்று சொல்லும். பிளேயர் கார்டில் இருக்கும் மூன்றாவது பதிவைப் போடும். விஷயம் அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து மற்றவர்கள் சீட்டாடுகிற நேரத்தில் இவன் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பான்.

ஃபிரிட்ஜுக்குள் இருந்த குரல் அவனுடைய அக்காவுடையது. அக்கா இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்வாசலில் தொங்குகிறவன் தானாக உள்ளே வந்துவிடுவான், அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு குழாய் வைப்பார்கள், இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான். "குழாய்ல சளி கட்டிக்கும். உடனே மெஷின் வச்சு உறிஞ்சணும். அஞ்சு நிமிஷம் தாமதிச்சாலும் ஆபத்து. அதை மட்டும் கவனமா பாத்துக்கங்க" என்றார். பாத்துக்கங்க என்றால் யார் பார்ப்பது, கூப்பிடக் குரலில்லாதவள் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை அவர் சொல்லவில்லை.

ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அக்காவும் தம்பியும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாக்கியங்களைப் பதிவு செய்தார்கள்.

"இத்தனை வருஷம் ஊருக்குக் கத்தினேன். இன்னிக்கு உன் டப்பாவுக்குக் கத்தறேன். சொல்லு, என்ன சொல்லணும்?"

ஒன்று, "வாய் காயுது, பஞ்சை நனைச்சுக் குடுங்க." இரண்டு, "வலிக்குது, ஊசி போடுங்க." மூன்று, "திருப்பிப் படுக்க வைங்க." நான்கு, "என் தம்பியைக் கூப்பிடுங்க." ஐந்து, "தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க." ஆறாவதுதான் முக்கியம். "மூச்சு அடைக்குது! குழாயைப் பாருங்க! ஓடி வாங்க!" அக்கா அதை பஸ் குரலில் போட்ட போட்டில் எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் கடைசி. ஆறாவது பட்டனைச் சிவப்பாகப் பெரிதாக ஓரத்தில் வைத்தான் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கை முதலில் அதில்தான் படும்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவை நாற்பது கட்டில் உள்ள வார்டில், கடைசிக் கட்டிலில் போட்டார்கள். நர்ஸ் மேஜை முதல் கட்டிலுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மணி இருந்திருக்கிறது. நோயாளிகளின் அமைதியைக் குலைப்பதாக ஒலி ஒழுங்கு வாரியம் போன வருஷம்தான் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனது. நாலாம் நாள் அக்காவுக்குக் குழாய் அடைத்தது. மூஞ்சி நீலம் பாரித்து, கையில் அகப்பட்ட எவர்சில்வர் தட்டைத் தரையில் விட்டெறிந்தாள். சத்தம் கேட்டு வார்டு சிஸ்டர் ஓடி வந்ததால் பிழைத்தாள். மறுநாள் வார்டு முழுவதும் பிளாஸ்டிக் தட்டு கொடுத்துவிட்டார்கள், சத்தம் வராதாம். தலையணைக்கடியில் அவளுடைய கண்டக்டர் விசில் இருந்தது. ஆனால் ஊதுவதற்கு வாய்க்குக் காற்று வர வேண்டுமே?

அன்றைக்குத்தான் செய்து முடித்த அந்தப் பேசும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான் தம்பி. வார்டு சிஸ்டர் ஆறு பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். ஆறாவதில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நல்ல சாமான் தம்பி. ஆனா வாரியத்தோட முத்திரை இல்லாம வார்டுல ஒரு பெட்டியும் பேசக் கூடாது. என் வேலை போயிடும். ஒரு நடை போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

ஒரு நடை என்றுதான் அவனும் நினைத்துப் போனான், பாவம்.

ஒலி ஒழுங்கு வாரியம் ஒன்பது மாடிக் கட்டடம். உள்ளே ஈ பறந்தால் கேட்கும். முதல் கவுண்டரில் இருந்த குமாஸ்தா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "பேசறது யாரு?"

"பெட்டி சார்."

"அப்ப பெட்டிதான் மனுதாரர். நீங்க துணைக்கு வந்தவர். டோக்கன் அதுக்குத்தான், நாற்காலியும் அதுக்குத்தான்."

பெட்டி நாற்காலியில் உட்கார்ந்தது. அவன் மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்றான். இருநூற்றுப் பதினாலு என்று கூப்பிட்டபோது அவன் "இருக்கோம் சார்" என்றான். குமாஸ்தா தலையைத் தூக்கவே இல்லை. "மனுதாரர் சொல்லணும். சொல்லலைன்னா வரலைன்னு எழுதிடுவேன்." அவன் அவசரத்தில் முதல் பட்டனை அமுக்கினான். "வாய் காயுது, பஞ்சை நனைச்சுக் குடுங்க!" என்று ஒன்பது மாடிக்கும் கேட்டது. குமாஸ்தா "ஆஜர்" என்று எழுதினார். ஒரு பியூன் தண்ணீர் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவனுக்கும்தான் நாக்கு வறண்டிருந்தது. டம்ளரில் கைவைக்கப் பயமாக இருந்தது.

இரண்டாவது மாடியில் குரல் ஒப்பீட்டு அலுவலர். தங்கமான மனுஷர். உட்காரச் சொன்னார்.

"பெட்டியில இருக்கற குரல் உங்க அக்காதுதான்னு நான் சான்று தரணும். அசல் குரல் எங்க?"

"எடுத்துட்டாங்க சார்."

"எங்க எடுத்துட்டுப் போனாங்க?"

"ஆப்பரேஷன்ல சார். குரல் இருந்தா இந்தப் பெட்டியே வேண்டாமே."

"அதேதான் நானும் சொல்றேன். அசல் இருந்தா பெட்டி தேவையில்லை. அசல் இல்லைன்னா பெட்டிக்குச் சான்று இல்லை. வாரியம் இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவா இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த நாற்காலியில பதினாறு வருஷமா இருக்கேன். ஒரு குரலுக்குக்கூடத் தப்பா சான்று குடுத்ததில்லை. ஏன்னா ஒரு குரலுக்கும் சான்று குடுத்ததே இல்லை. இந்த மேஜையைத் துடைச்சு வச்ச மாதிரி வச்சிருக்கேன் பாருங்க."

அவன் கெஞ்சினான். அக்காவின் நீலம் பாரித்த மூஞ்சியைச் சொன்னான். அலுவலர் மனம் இளகி, நோய்க்கு முன்னால் பதிவான வேறு குரல் இருந்தால் அதையே அசலாக வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு என்றார். எந்தப் பொருளிலிருந்து குரல் வருகிறதோ அந்தப் பொருளோடு கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் லிஃப்ட் கம்பெனி ஆட்கள் நாலு பேர் ஃபிரிட்ஜை இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அலுவலர் கதவைத் திறந்து, காதை உள்ளே நீட்டி, பயபக்தியோடு நின்றார். அரை நிமிஷம் ஆனது. "உள்ள என்ன சினிமாவா ஓடுது? மூடு!" பதினாறு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை. படக்கென்று மூடிவிட்டு, கையெழுத்துப் போட்டார். வாரியத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அதற்குள் பதினெட்டு நாள் போய்விட்டது. பகலில் லிஃப்ட், சாயங்காலம் ஆஸ்பத்திரி. அக்கா நோட்டில் எழுதுவாள்: "டப்பா என்னடா ஆச்சு?" அவன் "இதோ வந்துடும்" என்பான். அவள் "இதோன்னா எந்த ஸ்டாப்பு?" என்று எழுதிவிட்டு முறைப்பாள். எழுத்து நாளுக்கு நாள் கோணலாகிக்கொண்டு வந்தது. வார்டைக் கடந்து வெளியே வரும்போதெல்லாம், நாளைக்கு வரும்போது இந்தக் கட்டில் காலியாக இருக்குமோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

ஒன்பதாவது மாடியில் செயலாளர். பெட்டி அவர் மேஜைமேல் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருந்தது. நாலு பக்கமும் அரக்கு, ஸ்க்ரூவின் மேலும் அரக்கு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு சம்பிரதாயம்தான் சேர்த்திருக்கோம். அங்கீகாரம் பெற்ற குரல் எதுவா இருந்தாலும் தலைவரோட முன்னுரை இருக்கணும். நாங்களே கார்டுல ஏத்திட்டோம். அமுக்கிப் பாருங்க."

அவன் முதல் பட்டனை அமுக்கினான். கனமான ஓர் ஆண்குரல் கனைத்துக்கொண்டது. "வணக்கம். ஒலி ஒழுங்கு வாரியத்தின் தலைவர் பேசுகிறேன். நீங்கள் கேட்கவிருக்கும் குரல் முறைப்படி ஆராயப்பட்டது. தேவையற்ற ஒலியே மனித குலத்தின் முதல் எதிரி. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்…" என்று தொடங்கி இரண்டரை நிமிஷம் பேசியது. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அவன் இரண்டாவதை அமுக்கினான். "வாய் காயுது" என்றது. மூன்றாவதை அமுக்கினால் "வலிக்குது" என்றது. சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

"தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க."

"சார், தலைவர் பேச்சை எங்க வச்சீங்க?"

"முதல்லதான். வேற எங்க வைப்பாங்க?"

"இது பேரைப் பாக்காது சார். கார்டுல எது முதல்ல ஏறுச்சோ அதுதான் இதுக்கு ஒண்ணாம் நம்பர். தலைவர் முதல்ல ஏறினதால எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடுச்சு. பட்டன் ஆறு, பேச்சு ஏழு. கடைசிப் பேச்சுக்குப் பட்டனே இல்ல. மூச்சு அடைக்குதுங்கறதுதான் சார் கடைசி!"

"அதனால என்ன? அது உள்ளே பத்திரமா இருக்கு இல்ல? நாங்க எதையும் நீக்கலை. மக்கள் குரலை நீக்கறது வாரியத்தோட பழக்கம் இல்லை. வரிசைப்படுத்தறதோட சரி."

"தலைவரைக் கடைசியா வச்சிடலாம் சார். ஏழாவதா…"

அறையில் டீயைக் கலக்கிக்கொண்டிருந்த பியூன் கரண்டியை நிறுத்திவிட்டார்.

"தலைவரை ஏழாவதாவா?" என்றார் செயலாளர், மிகவும் தாழ்ந்த குரலில். "தம்பி, உங்க துக்கம் எனக்குப் புரியுது. அதனால இதை நான் காதுல வாங்கலைன்னு வச்சுக்கறேன். ஒரு மெஷின் எப்படி எண்ணணும்னு அதுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும். வாரியத்துல எண்ணிக்கை எங்க ஆரம்பிக்கணும்னு மெஷின் சொல்லக் கூடாது."

"அப்ப போர்டுல ஒரு வரி மாத்தினா போதும் சார். ஒண்ணைக் கூட்டிப் போடுன்னு எழுதிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. அரக்கை மட்டும் எடுத்துக் குடுங்க."

"அரக்கு வைக்கறதுக்குத்தான் எங்களுக்கு அதிகாரம். எடுக்கறதுக்கு இல்லை. நீங்களா எடுத்தா அனுமதி ரத்து, பெட்டி பறிமுதல். ஏழாவது பட்டனுக்கு மனு போடுங்க. மனுதாரரையும் கூட்டிட்டு வாங்க." மனுதாரர் என்று அவர் பெட்டியைத்தான் காட்டினார்.

பெட்டியை அவன் கையில் கொடுக்கவும் இல்லை. வாரியத்தின் முதல் அங்கீகாரம் என்பதால் தலைவரே வார்டுக்கு வந்து தொடங்கிவைத்தார். நாற்பது நோயாளிகளையும் உட்காரவைத்தார்கள். உட்கார முடியாதவர்களைச் சாய்த்து வைத்தார்கள். தலைவர் முதல் பட்டனை அமுக்கி, தன் பேச்சைத் தானே தலையாட்டிக் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு தடவை அமுக்கினார். மற்ற பட்டன்கள் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. போகும்போது அக்காவின் தலையைத் தொட்டு, "இனிமே நீங்க தாராளமாப் பேசலாம்மா" என்றார். அக்கா நோட்டை எடுத்து என்னமோ எழுதினாள். தம்பி சட்டென்று அதை வாங்கிக் கவிழ்த்துவிட்டான். அது தலைவர் படிக்கக்கூடியதல்ல.

அன்றைக்கே வார்டு சிஸ்டரோடு உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அடுத்த பட்டனை அமுக்க வேண்டியது. சிவப்புப் பட்டன் மட்டும் என்ன பேசினாலும் சரி, மூச்சு அடைக்கிறது என்று அர்த்தம். "தூக்கம் வருதுன்னு கேட்டா ஓடி வரணும், அவ்வளவுதானே?" என்றார் சிஸ்டர். "நான் பொண்ணுங்ககிட்ட எல்லாம் சொல்லி வைக்கறேன்." அவன் ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் அதை எழுதிப் பெட்டிமேல் ஒட்டினான். அக்கா நோட்டில் எழுதினாள்: "நிஜமா தூக்கம் வந்தா?" பிறகு அவளே அதை அடித்துவிட்டு, "தூங்கலை போ" என்று எழுதினாள்.

ஒரு தடவை அது வேலையும் செய்தது. "தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க" என்று பெட்டி கத்த, மூன்று நர்ஸ்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்ததைப் பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பிளந்து பார்த்தாளாம்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சீட்டைப் படித்தார். அங்கீகரிக்கப்பட்ட பேச்சுக்கு அங்கீகாரமில்லாத பொருள் கூறுவது என்று ஒரு குற்றம் இருக்கிறதாம். நகத்தால் சுரண்டிச் சுரண்டிச் சீட்டை முழுவதும் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்தும் விட்டார். எல்லோருக்கும் சொல்லி வைத்த வார்டு சிஸ்டரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் ஒரு லிஃப்ட் ரிப்பேரில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாததால் தம்பிக்கு இந்த இரண்டும் தெரியாது. மறுநாள் மத்தியானம் அவன் வேலையில் இருந்தபோதுதான் போனில் சிஸ்டரே கூப்பிட்டுச் சொன்னார். "புதுப் பொண்ணுங்க வந்திருக்காங்க தம்பி. அவங்களுக்குத் தெரியாது. நீங்க உடனே போங்க."

போக விட்டார்களா? போனை வைக்குமுன்னே கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒலி ஒழுங்கு வாரியத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார், இரண்டு தெரு தள்ளி நீதான் இருக்கிறாய், ஓடு. அவன் அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். ஓடினான். கட்டடத்துக்கு வெளியிலேயே லிஃப்டின் அபாய மணி காதைத் துளைத்தது. ஒன்பது மாடிக்காரர்களும் கையைப் பிசைந்துகொண்டு படிக்கட்டில் நின்றார்கள். மணி சத்தம் அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. அவன் மோட்டாரைக் கையால் சுற்றி, கதவை நெம்பித் திறந்தான். செயலாளர் சட்டை பட்டனைப் பிய்த்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி வெளியே வந்து விழுந்தார்.

"பதினோரு நிமிஷம்!" என்றார். "பதினோரு நிமிஷம் உள்ள இருந்தேன்யா! மூச்சே நின்னு போச்சு. மணியை விடாம அமுக்கினேன். அந்த மணி மட்டும் இல்லைன்னா இன்னிக்கு நான் இல்லை!"

"சார், எங்க அக்காவோட பெட்டி…"

"அது கோப்புல இருக்கு" என்றார் செயலாளர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவனுக்கு அந்த இடத்திலேயே பயமெல்லாம் விட்டுப்போயிற்று. அனுமதியாவது, அரக்காவது. பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பேச்சுகளைப் பழையபடி சரியாக வரிசைப்படுத்திய இன்னொரு கார்டும், ஒரு வாரமாகவே, இருந்தது. இவ்வளவு நாள் ஏன் பயந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பறிமுதல் செய்தால் செய்யட்டும், ஜெயிலில் போட்டால் போடட்டும் என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வார்டுக் கதவைத் தள்ளும்போதே அக்காவின் குரல் கேட்டது. அசல் பஸ் குரல், கணீரென்று. "தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க. தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க." மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை நன்றாக இழுத்து மூடியிருந்தார்கள். திரைக்கு முன்னால் ஒரு புது நர்ஸ், சின்னப் பெண், நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்க சார். ரொம்ப நேரமா சொல்லிட்டே இருக்காங்க. பாவம், தூக்கமே வரலை போல. நான் யாரையும் கிட்ட விடலை. பக்கத்துக் கட்டில் அம்மா கூட எட்டிப் பாக்க வந்தாங்க, நான்தான் அதட்டி அனுப்பினேன்."

அவன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு கறுத்துவிட்டது. நோட்டும் பென்சிலும் கீழே கிடந்தன. வலது கை முழுசாகச் சிவப்புப் பட்டன் மேல் கிடந்தது. அமுக்கிப் பிடித்திருக்கும் வரை பெட்டி சொன்னதையே சொல்லும். அவன்தான் அப்படி எழுதியிருந்தான். அவன் கழுத்துக் குழாயில் காதை வைத்துப் பார்த்தான். கையைப் பிடித்தான். ஜில்லென்றிருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டான். "தூக்கம் வருது, யாரும் கிட்ட வராதீங்க" என்றாள் அக்கா.

அவன் அந்தக் கையைப் பட்டனிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். குரல் பாதி வார்த்தையில் நின்றது.

திரைக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இப்பத்தான் தூங்கினாங்களா சார்?"